பால் பிரித்தவர் கண்ட குழாய்... ராக்கெட்டைத் தூக்கும் ரகசியம்!

`இன்று கடலுக்குப் போகக் கூடாது.' பழவேற்காட்டைச் சுற்றியிருக்கும் மீனவ கிராமங்களுக்கு இந்த அறிவிப்பு புதிதல்ல. ஏரிக்குக் கிழக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளென்றால் படகுகள் கரையிலேயே கிடக்கும். அன்றைய வருமானம் போச்சு. ஆனாலும் நேரம் நெருங்கும்போது கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். குழந்தைகள் மணல்மேட்டில் ஏறி நிற்பார்கள். எல்லோர் கையிலும் மொபைல்.

முதலில் வெளிச்சம்தான் வரும். வடக்கு வானத்தில் ஓர் ஆரஞ்சு நிறப் பொட்டு எழும்பும். சத்தமே இருக்காது. பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 35 கி.மீ. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். உறுமல் இங்கே வந்து சேர்வதற்குள், பி.எஸ்.எல்.வி-யின் முதல் கட்டம் தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும்!

ஒலியையே ஓரம்கட்டும் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? ராக்கெட்டின் அடியில், கோயில் மணியைக் கவிழ்த்து வைத்ததுபோலத் தெரிகிறதே... அந்த `நாசில்' என்ற குழாயில் இருந்துதான். அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. உள்ளே நுழையும் இடத்தில் அகலம், நடுவில் குறுகிய தொண்டை, வெளியேறும் இடத்தில் மறுபடியும் அகலம். கிட்டத்தட்ட உடுக்கை மாதிரி. இவ்வளவுதான் அதன் வடிவம்.

குறுக்கினால் வேகம் கூடும் என்பது தெரிந்ததுதான். பிறகு ஏன் மறுபடி அகலப்படுத்துகிறார்கள்? அகலமானால் வேகம் குறைந்துவிடாதா?

தண்ணீர் வேறு, வாயு வேறு!

செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயும். விரலை எடுத்தால் வேகம் தணிந்துவிடும். காரணம் எளிது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஒரு விநாடிக்கு ஒரு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் வெளியே வந்தாக வேண்டும். வழி குறுகினால் வேகமாக ஓடுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

வாயு அப்படியல்ல. அமுக்கினால் சுருங்கும், விட்டால் விரியும். மெதுவாகப் போகும்வரை வாயுவும் தண்ணீரைப்போல நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். வேகம் கூடக் கூடத்தான் அதன் குணம் மாறும். அந்த மாற்றம் நிகழும் எல்லைக்கோடு, ஒலியின் வேகம்.

இதன் தொடக்கத்தை நம் சமையலறையிலேயே கேட்கலாம். குக்கர் வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளியே இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சின்னத் துளை வழியே வெளியேறும் நீராவி ஒலியின் வேகத்தைத் தொடுவதற்கு இந்த வித்தியாசமே போதுமானது. காற்று என்றால் சுமார் 1.9 மடங்கு அழுத்தம் போதும். பஞ்சர் கடையில் டயரின் வால்வைத் திறந்ததும் வருகிற `புஸ்'ஸுக்கும், ராக்கெட்டின் உறுமலுக்கும் உறவுமுறை இருக்கிறது. ஒன்று தம்பி, மற்றொன்று அண்ணன்.

தொண்டை அடைத்துக்கொள்ளும்!

சரி, அழுத்தத்தை இன்னும் கூட்டினால் துளையில் வேகம் இன்னும் கூடுமா? கூடாது. இதுதான் இந்தக் கதையின் முதல் திருப்பம்.

குழாயின் வெளிப்பக்கத்தில் அழுத்தம் குறைந்தால், அந்தத் தகவல் உள்பக்கம் இருக்கும் வாயுவுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அது இன்னும் வேகமாக ஓடிவரும். அந்தத் தகவல் ஒலியின் வேகத்தில்தான் பயணிக்கும். தொண்டையில் வாயுவே ஒலியின் வேகத்தில் எதிரே வந்துகொண்டிருந்தால், தகவல் எப்படி உள்ளே போகும்? மேலே ஓடும் எஸ்கலேட்டரில் அதே வேகத்தில் கீழே இறங்க முயல்வதுபோல, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே தெரியாது. இந்த நிலையைப் பொறியாளர்கள் `தொண்டை அடைப்பு' என்கிறார்கள். அதன் பிறகு ஒரு விநாடிக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்பதை, தொண்டையின் அகலமும் உள்ளே இருக்கும் அழுத்தமும் வெப்பமும் மட்டுமே தீர்மானிக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தக விஷயமல்ல. தொழிற்கூடங்களில் கம்ப்ரஸர் லைனில் ஓடும் காற்றின் அழுத்தம் பொதுவாக 6, 7 பார் இருக்கும். ஒலி வேகத்துக்குத் தேவையானதைவிட இது பல மடங்கு அதிகம். எனவே, லைனில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், அந்த இடத்தில் காற்று ஒலியின் வேகத்தில்தான் வெளியேறும். ஷிப்ட் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும், லைனில் அழுத்தம் இருக்கும்வரை அது நிற்காது. கரன்ட் பில்லில் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மெஷின்கள் ஓயும் உணவு இடைவேளையில் காதைத் தீட்டிக்கொண்டு லைன் நெடுகிலும் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் முக்கியம். அதே காற்றை விளையாட்டுக்காகச் சக ஊழியரின் உடம்பில் அடித்து, குடல் கிழிந்து உயிரே போன செய்திகள் இந்தியாவில் பலமுறை வந்திருக்கின்றன. உடையில் ஒட்டிய தூசியைத் தட்டக்கூட ஏர் கன்னைப் பயன்படுத்தக் கூடாது. `வெறும் காத்துதானே' என்று யாராவது சொன்னால், அது ஒலியின் வேகத்தில் வரும் காற்று என்று சொல்லுங்கள்.

டோல்கேட்டைத் தாண்டியதும்...

இப்போது இரண்டாவது திருப்பம். தொண்டையில் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்ட வாயுவை இன்னும் வேகப்படுத்த வேண்டும். இனி குறுக்கிப் பயனில்லை. அகலப்படுத்த வேண்டும்!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிற நல்லூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக நெருக்கியடித்து நிற்கின்றன. கேட்டைத் தாண்டியதும் வேகமெடுக்கின்றன. வேகமெடுக்கும்போது என்ன ஆகிறது? வண்டிக்கும் வண்டிக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. வேகம் இரண்டு மடங்காகும்போது இடைவெளி எட்டு மடங்காகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லேனில் நிமிடத்துக்குப் போகும் வண்டிகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கேட்டுக்குள் வந்த அத்தனை வண்டிகளும் தேங்காமல் போக வேண்டுமென்றால், நான்கு மடங்கு லேன்கள் வேண்டும்.

நாசிலில் நடப்பதும் இதே கணக்குதான். காற்றை வைத்துக் கணக்குப் போட்டால், தொண்டையைத் தாண்டி ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தை எட்டும்போது, அதன் உண்மையான வேகம் தொண்டையில் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று மடங்கு என்றோம், இரண்டு மடங்கு என்கிறோமே, குழப்பமா? விரியும்போது வாயு குளிர்ந்துவிடும். குளிர்ந்த வாயுவில் ஒலியின் வேகமே குறைவு. அதனால் வரும் வித்தியாசம் இது. அந்த இடத்தில் அடர்த்தியோ எட்டில் ஒரு பங்காகச் சரிந்திருக்கும். எனவே, குழாயின் வாய் தொண்டையைப்போல நான்கு மடங்கு பரப்புக்கும் சற்று அதிகமாக விரிந்திருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்கும்போது வாயு விரிவதைவிட வேகமெடுப்பது அதிகம். அதனால் குறுகிய வழி போதும். ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டால், வேகமெடுப்பதைவிட விரிவது அதிகம். அதனால் அகலமான வழி வேண்டும். எரியும் வாயுவின் வெப்பமும் அழுத்தமும் குறைந்துகொண்டே வந்து, அத்தனையும் வேகமாக மாறுகிறது. அந்த வாயு பின்பக்கம் பாய, நாசிலின் உட்சுவரிலும் எரிகலனிலும் விழும் அழுத்தம் ராக்கெட்டை முன்பக்கம் தள்ளுகிறது.

எல்.வி.எம்-3 ராக்கெட்டின் மேற்கட்டத்தில் இருக்கும் சி.இ.20 கிரையோஜெனிக் இன்ஜினில், வெற்றிடத்தில் வெளியேறும் வாயுவின் வேகம் விநாடிக்கு 4 கி.மீ-க்கும் மேல். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இந்த வேகத்தில் போனால் 12 விநாடிகள்!

வெண்ணெயில் தொடங்கிய கதை

இந்த விநோதக் குழாயைக் கண்டுபிடித்தவருக்கும் ராக்கெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குஸ்டாஃப் டி லாவல், 1845-ல் பிறந்த ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்பு, பாலிலிருந்து வெண்ணெய்க்கான ஆடையைப் பிரிக்கும் சுழல் இயந்திரம். அதே தத்துவத்தில் இயங்கும் இயந்திரங்கள்தாம் இன்றைக்கும் பால் பண்ணைகளில் சுழல்கின்றன.

அந்த இயந்திரம் வெகுவேகமாகச் சுழல வேண்டும். அதற்கு ஒரு நீராவி டர்பைன் வேண்டும். டர்பைனின் இதழ்களில் நீராவி எவ்வளவு வேகமாக மோதுகிறதோ அவ்வளவு நல்லது. 1880-களின் இறுதியில், குறுகி விரியும் குழாயை டி லாவல் பயன்படுத்தினார். நீராவி ஒலியைத் தாண்டிப் பாய்ந்தது. டர்பைன் நிமிடத்துக்கு 30,000 முறை சுழன்றது. இன்றும் அந்தக் குழாயின் பெயர் `டி லாவல் நாசில்'தான்.

அதை ராக்கெட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட். அதுவரை இருந்த வெடிமருந்து ராக்கெட்டுகள், எரிபொருளின் ஆற்றலில் 2 சதவிகிதம் போலத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தன. டி லாவல் நாசிலைப் பொருத்தியதும் கோடார்டின் சோதனைகளில் அது 60 சதவிகிதத்தைத் தாண்டியது. 1926 மார்ச் 16-ம் தேதி, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை அவர் பறக்கவிட்டார்.

ஆனால், அதற்கு முன்பே அவரை உலகம் கேலி செய்திருந்தது. `வெற்றிடத்தில் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? இந்த அடிப்படைகூடத் தெரியவில்லையே' என்ற தொனியில் 1920-ல் தலையங்கம் எழுதியது நியூயார்க் டைம்ஸ். ராக்கெட் காற்றைத் தள்ளிக்கொண்டு மேலே போவதில்லை. தன்னிடமிருந்து வெளியேறும் வாயுவைத் தள்ளித்தான் போகிறது. அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலை 17-ம் தேதி, அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்க கோடார்ட் உயிரோடு இல்லை.

மகேந்திரகிரியில் ஒரு சவால்

நாசிலை எவ்வளவு தூரம் விரிப்பது? இதில்தான் பொறியாளர்களின் தலைவலி ஆரம்பிக்கிறது. நன்றாக விரித்தால் வாயு நன்றாக வேகமெடுக்கும். ஆனால், வாயில் அதன் அழுத்தமும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். காற்றே இல்லாத விண்வெளியில் பிரச்னை இல்லை. தரைமட்டத்தில் வெளியே இருக்கும் காற்று சும்மா இருக்காது. குழாயின் வாய்க்குள் புகுந்து நெருக்கும். வாயு சுவரைவிட்டு ஒரு பக்கம் பிய்த்துக்கொள்ளும், மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும். நாசில் கண்டபடி அதிரும். உடைந்தும் போகலாம். இதனால்தான் முதல் கட்ட இன்ஜின்களின் நாசில்கள் அளவாகவும், மேற்கட்ட இன்ஜின்களின் நாசில்கள் தாராளமாகவும் விரிந்திருக்கின்றன.

சி.இ.20 இன்ஜினின் நாசில் வாய், தொண்டையைப்போல 100 மடங்கு பரப்பு கொண்டது. அதன் வாயில் வாயுவின் அழுத்தம் சுமார் 50 மில்லிபார். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. இதைத் தரையில் எரித்துப் பார்ப்பது லேசான காரியமல்ல. அதற்காகவே திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில், காற்றை வெளியேற்றி உயரமான வானத்தைத் தரையிலேயே உருவாக்கும் சோதனைக்கூடம் இருக்கிறது. ஆனால், அது சிக்கலான ஏற்பாடு. 2024 நவம்பர் 29-ம் தேதி, நாசிலுக்கு ஒரு பாதுகாப்பு அமைப்பைப் பொருத்தி, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே அந்த இன்ஜினை வெற்றிகரமாக எரித்துக் காட்டியது இஸ்ரோ. இனி ஒவ்வோர் இன்ஜினையும் பறப்பதற்கு முன் எளிதாகச் சோதிக்க இது வழிவகுக்கிறது.

எடையிலும் ஒரு போராட்டம் நடக்கிறது. பி.எஸ்.எல்.வி-யின் நான்காம் கட்ட நாசிலில் விரியும் பகுதி, இதுவரை உலோகக் கலவையால் ஆனது. அதற்கு பதிலாக கார்பன் இழைகளால் ஆன நாசிலை, திருவனந்தபுரத்தில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கியது. 2024 ஏப்ரல் 2-ம் தேதி மகேந்திரகிரியில் 200 விநாடிகள் எரித்து சோதித்தார்கள். நாசிலின் எடை 67 சதவிகிதம் குறைகிறது. ராக்கெட் கூடுதலாக 15 கிலோவைச் சுமக்கலாம். விண்வெளியில் 15 கிலோ என்பது ஒரு சிறிய செயற்கைக்கோளின் எடை!

சென்னையில் அச்சிட்ட இன்ஜின்

நாசிலில் அதிகம் வேகும் இடம் தொண்டைதான். எரிகலனில் வெப்பம் 3,000 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான உலோகங்கள் அதில் உருகிவிடும். பிறகு நாசில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பல திரவ இன்ஜின்களில், எரியப்போகும் எரிபொருளையே முதலில் நாசில் சுவருக்குள் இருக்கும் நுண்ணிய வழிகளில் ஓடவிடுவார்கள். அது சுவரைக் குளிரவைத்துவிட்டு, பிறகு எரியப்போகும்.

அந்த நுண்ணிய வழிகளைச் செதுக்கி, பற்றவைத்து, இணைப்பது மாதக்கணக்கான வேலை. ஐ.ஐ.டி மெட்ராஸில் வளர்ந்த சென்னை நிறுவனமான அக்னிகுல் காஸ்மோஸ், இதற்கு வேறு வழி கண்டது. 2017-ல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்-மும் ஐ.ஐ.டி பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியின் துணையோடு தொடங்கிய நிறுவனம் இது. எரிகலன், தொண்டை, மணி வடிவ நாசில் என மொத்த இன்ஜினையும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அச்சிட்டார்கள். பற்றவைத்த இணைப்புகளே இல்லை.

பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, மனம் தளராமல் காத்திருந்து, 2024 மே 30-ம் தேதி காலை 7.15 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் தங்களுக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து அந்த இன்ஜினைப் பறக்கவிட்டார்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டது, சென்னையில் அச்சிட்ட ஒரு நாசிலின் குரல்.

அழுத்தம் இறங்கினால்...

எல்லா நாளும் கைத்தட்டலில் முடிவதில்லை. 2025 மே 18-ம் தேதி காலை 5.59 மணிக்கு, பி.எஸ்.எல்.வி சி-61 கிளம்பியது. ஸ்ரீஹரிகோட்டாவின் 101-வது ஏவுதல். முதல் இரண்டு கட்டங்களும் திட்டமிட்டபடி எரிந்தன. மூன்றாம் கட்டம் எரிந்துகொண்டிருந்தபோது, மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன். கன்னியாகுமரி மாவட்ட கிராமம் ஒன்றில் பிறந்து, கிரையோஜெனிக் இன்ஜின் துறையில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். 1,696 கிலோ எடையுள்ள இ.ஓ.எஸ்-09 செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை.

தொண்டை அடைப்பின் கணக்கை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்த ஒரு வரியின் கனம் புரியும். தொண்டை வழியே போகும் வாயுவின் அளவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் அழுத்தம். அது இறங்கினால் வாயு குறையும். வாயு குறைந்தால் உந்துவிசை குறையும். தொண்டையைத் தாண்டிய பிறகு எதையும் ஈடுகட்ட முடியாது. சுற்றுப்பாதைக்குத் தேவையான வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும், செயற்கைக்கோள் திரும்பவும் பூமியை நோக்கித்தான் விழும்.

அடுத்து வரப்போவது இன்னும் பெரிய பொறுப்பு. ககன்யான் திட்டத்தில் எல்.வி.எம்-3 சுமக்கப்போவது மனிதர்களை. அதற்கேற்ப சி.இ.20 இன்ஜினைத் தகுதிப்படுத்தும் சோதனைகளை 2024 பிப்ரவரியில் நிறைவு செய்தது இஸ்ரோ. அந்த இன்ஜினில் தொண்டை 100 மடங்காக விரியும் அந்த மணிக்கு மேலே, நம் நாட்டு விண்வெளி வீரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப எரித்துப் பார்ப்பது அவர்களைப் பத்திரமாகத் திரும்ப வரவைக்கத்தான்.

அடுத்த முறை பாருங்கள்!

அடுத்த ராக்கெட் கிளம்பும் நாளில், பழவேற்காட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ சென்னையில் ஒரு மொட்டைமாடியிலோ நிற்க வாய்த்தால், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ராக்கெட்டின் வால். தரைக்குப் பக்கத்தில் ஒல்லியாக, நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போக பூ விரிவதுபோல விரிந்துகொண்டே போகும். அங்கே காற்று குறைகிறது, நெருக்க ஆளில்லை என்பதன் அடையாளம் அது. மகேந்திரகிரிப் பொறியாளர்களின் தலைவலி, வானத்தில் படமாக விரிவதைப் பார்க்கலாம்.

இரண்டு, சத்தம். ராக்கெட் கிளம்பும் நொடியை மொபைல் நேரலையில் குறித்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள். நேரலை சில நொடிகள் தாமதமாக வரலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால், ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். குழந்தைகளோடு செய்துபார்க்க வேண்டிய கணக்கு இது.

புகைத்தடம் காற்றில் கலைந்த பிறகு கூட்டமும் கலையும். தடை முடிந்ததும் மீனவர்கள் வலைகளை எடுத்து வைப்பார்கள். ஒருநாள் வருமானத்தை விட்டுக்கொடுத்து அந்தக் கடலைக் காலி செய்து தருகிற அவர்களுக்கும், ஒவ்வொரு ஏவுதலிலும் ஒரு பங்கு இருக்கிறது. கரையில் நிற்கும் ஏதோ ஒரு சிறுமிக்கு அந்த வெளிச்சம் ஒரு கேள்வியாக மனதில் தங்கிவிட்டால், மகேந்திரகிரியில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.